பாறையில் காய்ந்த தலைகள்

நான் வேலை பார்த்த மருத்துவக் கல்லூரியில் போன மாதம் பழைய சாமான்களை ஒழித்தார்கள். உடற்கூற்றுப் பிரிவில், எலும்பு வைக்கிற அலமாரிக்கு அடியில், கிழிந்த பட்டுத் துணியில் சுற்றிய, தலை அளக்கிற காலிப்பர் ஒன்று கிடைத்திருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு, புதிதாகச் சேர்ந்த டாக்டர் தம்பி ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். "ஐயா, இது ஐஸ் கட்டி எடுக்கிற இடுக்கிங்களா?" என்று கேட்டார். நண்டுக் கொடுக்கு மாதிரி வளைந்த இரண்டு கால், நடுவில் அளவுகோல். அவர் மேல் தப்பில்லை. அவர்களுக்கு இப்போது உயிரோடு இருப்பவன் மூளையையே படம் பிடிக்கிற இயந்திரம் வந்துவிட்டது.

"நீங்க அந்தக் காலத்துல கொல்லிமலைக்குப் போய் ஜனங்க தலையை எல்லாம் அளந்தீங்களாமே. ஒவ்வொரு தேசத்து ஜனங்களுக்கும் மூளை வேற வேறன்னு சிலர் இன்னமும் சொல்லிக்கிட்டிருக்காங்க. நீங்க என்ன கண்டீங்க? சுருக்கமாச் சொன்னாப் போதும்" என்றார். சுருக்கமாகச் சொல்ல நான் என்ன தந்தியா? காபியைக் குடித்துவிட்டுப் போங்கள், எழுதித் தருகிறேன் என்று அனுப்பி வைத்தேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் சேந்தமங்கலத்துப் பக்கம் மானாவாரிக் காட்டுக்காரர் மகன். வேலை கேட்டு நான் போய் நின்றபோது, உடற்கூற்றுப் பிரிவின் தலைவர் டாக்டர் தேவசகாயம் என்னிடம் படிப்பையும் கேட்கவில்லை, ஊரையும் கேட்கவில்லை. முக்காலியில் உட்கார வைத்து என் தலையை முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் அளந்தார். "இப்படி ஒரு தலையைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம்தான் விவரம் தெரிந்தது. நீளத்திலும் அகலத்திலும் எந்த விசேஷமும் இல்லாத, நட்டநடுவான தலை என்னுடையது. தினமும் காலையில் காலிப்பரை என் தலையில் வைத்துப் பார்த்து, முதல் நாள் அளவே காட்டினால்தான் அன்றைக்கு அந்தக் கருவிக்கு வேலை. மளிகைக் கடைக்குப் படிக்கல் மாதிரி, அவருக்கு என் தலை. உத்தியோகப் பெயர் அட்டெண்டர் என்றாலும் அதுதான் உத்தியோகம். "எம் பையன் தலைக்கே சம்பளம் குடுக்குறாங்க" என்று எங்கம்மா ஊரெல்லாம் சொல்லிவந்தார்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. மண்டையோட்டின் அடித்துளை வழியாகக் கடுகைக் கொட்டிக் குலுக்கி நிரப்ப வேண்டும். அதைக் கண்ணாடிக் குடுவையில் சரித்தால் மூளை இருந்த இடத்தின் கொள்ளளவு தெரியும். கடுகு அழுக்கானால் மாற்றுவோம். பழைய கடுகு எங்கே போயிற்று என்று விடுதிச் சமையற்காரரிடம் நான் கேட்டதில்லை. ஆனால் விடுதியில் தாளித்ததை நான் சாப்பிட்டதும் இல்லை.

டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. கலெக்டராக இருந்தாலும் கைதியாக இருந்தாலும், தலையில் கை வைக்கும் முன் "உத்தரவா?" என்று கேட்பார். எதிராளி "சரி" என்று வாயால் சொன்னால்தான் தொடுவார். ஒரு காலைப் புருவங்களுக்கு நடுவில் வைத்து, மற்றக் காலைப் பின்மண்டையில் மேலும் கீழும் மெதுவாக நகர்த்துவார். மிகத் தூரமான இடம் தட்டுப்பட்டதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அளவைப் படிப்பார். அதை நான் உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். எடுத்து, துடைத்து, மறுபடி வைப்பார். மூன்று தடவையும் ஒன்றாக வந்தால்தான் அந்தத் தலை முடிந்தது. மண்டையோட்டுக்கும் இதே மரியாதைதான். அதனிடமும் "உத்தரவா?" என்று கேட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்ப்பார்.

இவ்வளவும் செய்கிறவருக்கு அளவின் மேல் மட்டும்தான் பக்தி. தலை பெரிதானால் புத்தி அதிகம் என்று யாராவது சொன்னால் சிரிப்பார். "பெட்டி பெரிசா இருந்தா உள்ள பட்டுப்புடவை நெறைய இருக்கும்னு யாருங்க சொன்னது?" என்பார்.

இப்படி இருக்கையில் கொல்லிமலையிலிருந்து ஒரு வழக்கு வந்தது. வெள்ளைக்காரன் ஆட்சிக் காலம். மலையில் திண்ணனூர் நாடு என்கிற பகுதியில் சடையன் என்று ஒரு மலைக்குடியானவர். அவர் அப்பன் வைத்த பலாமரம் ஒன்று காட்டோரமாக நின்றது. பிற்பாடு காட்டிலாகாக்காரர்கள் எல்லைக்கல் நட்டபோது மரம் கல்லுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. சடையன் வீட்டுக்குக் கதவு கிடையாது. வெறும் தட்டி. கரடி ஒன்று வந்து தட்டியை விலக்கி உள்ளே எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. மனைவி வெள்ளச்சி நிறைமாதக் கர்ப்பிணி. சடையன் மரத்தை வெட்டிக் கதவு செய்துவிட்டார். ரேஞ்சர் வந்து ஆளையும் பிடித்தார், கதவையும் சாட்சிப் பொருளாகக் கழற்றிக்கொண்டு போனார். கரடிக்கு வழி திறந்தே கிடந்தது.

சடையனுக்காக வந்த வக்கீல் கெட்டிக்காரர். விசாரித்த மாஜிஸ்திரேட்டுக்கு இங்கிலீஷ் பத்திரிகையில் மூளை சாஸ்திரம் படிப்பதில் பித்து என்பது அவருக்குத் தெரியும். மலை ஜனங்களின் மூளை சிறிது, காட்டுச் சட்டம் அதற்குள் நுழையாது, ஆகவே இவர் குற்றவாளி அல்ல என்று வாதாடினார். மாஜிஸ்திரேட் பூரித்துப்போனார். ஏதோ புத்தகத்திலிருந்து ஓர் அளவை எடுத்து, இந்தக் கோட்டுக்குக் கீழே தலை இருந்தால் சட்டம் புரியாது, விடுதலை. மேலே இருந்தால் புரியும், ஜெயில் என்று உத்தரவு போட்டார். அளந்து சொல்ல வேண்டியவர் எங்கள் டாக்டர்.

"அப்படி ஒரு கோடே கிடையாதுங்க" என்று டாக்டர் எழுதிப் பார்த்தார். "கிடையாது என்றால் புத்தகத்தில் எப்படி வரும்?" என்று பதில் வந்தது. சரி, மலையையும் கீழ்நாட்டையும் ஒப்பிட ஒரு வாய்ப்பு என்று காலிப்பரைப் பட்டில் சுற்றிக்கொண்டு புறப்பட்டார். அப்போது மலைக்கு ரோடு ஏது? காட்டுப் பாதையில் ஏறினோம். ஏற்றம் முழுக்க என் தலை எங்காவது கிளையில் இடித்துவிடுமோ என்றுதான் அவருக்குக் கவலை. "குனி மாரப்பா, குனி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். என் காலில் முள் ஏறியதை அவர் பார்க்கவில்லை.

மேலே போனதும் முதலில் வந்தது வெள்ளச்சிதான். வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க சாமி, எங்க ஊட்டுக்காரருக்கு மூள சின்னதுன்னு எழுதிக் குடுத்துருங்க. அவருக்கு மானமெல்லாம் ஒண்ணும் போயிராதுங்க. எனக்கு ஊட்டுல ஒரு ஆளு வேணுமுங்க. ரா ஆச்சுன்னா அது வந்து மூச்சு உடறது காதுல கேக்குதுங்க."

டாக்டர் கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறுகன்னத்துக்கு மாற்றினார். "இருக்கிறதைத்தான் எழுத முடியும் தாயி" என்றார். எனக்கு அப்போது அவர் மேல் வந்த கோபம் இன்றும் நினைவிருக்கிறது. ஒரு பொய்யெழுத்து எழுதினால் கை ஒடிந்தா போகும்?

ஊர்க்கவுண்டர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மலைக்கே பெரியவர், அளந்து பேசுகிறவர். முதலில் ஊரார் தலையை அளந்து மலைத் தலை எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும், அதற்கப்புறம்தான் சடையன் தலை என்று டாக்டர் விளக்கியதும், "நாளைக்கு ஊரே வருமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அவர்கள் கதிர் காயப் போடுகிற பெரிய பாறைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்து நான் அப்படியே நின்றுவிட்டேன். ஆண், பெண், கிழவர், குழந்தை, ஊர் முழுவதும் மொட்டை. பாறை மேல் வரிசை வரிசையாக உச்சி வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். விளக்கெண்ணெய்கூடத் தடவவில்லை. இரண்டு பேர் நடந்து நடந்து, "அக்கட்ட திரும்புங்க, இந்தப் பக்கம் காயட்டும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

"இது என்னங்க?" என்றேன்.

"படில தானியம் கோபுரமா நின்னா அளவு கூடுமுங்கல்ல? அதான் கோபுரத்த எடுத்துட்டமுங்க" என்று தன் மொட்டையைத் தடவிக் காட்டினார் ஊர்க்கவுண்டர். "ஈரச் சாமையக் காய வெச்சா ஒரு படிக்கு இத்தனைன்னு கொறையுமுங்க. தலையும் காஞ்சாக் கொறையத்தான வேணும்?"

தலை சிறுத்தால் சடையன் வீடு திரும்புவார் என்று ஊரே கூடிக் கணக்குப் போட்டிருக்கிறது. கணக்கில் தவறே இல்லை, மண்டை தானியம் இல்லை என்பதைத் தவிர. டாக்டருக்கோ ஆனந்தம். மயிர் தொந்தரவில்லாத தலைகளை இத்தனை பேரிடம் அவர் கண்டதே இல்லை. "உத்தரவா?", "உத்தரவுங்க", மூன்று தடவை. பகல் முழுக்க நடந்தது. காய்ந்த தலைகள் காயாத தலைகளாகவே, பெரும்பாலும் கோட்டுக்கு மேலேயே வந்தன. கீழ்நாட்டில் நாங்கள் அளந்த தலைகளோடு சேர்த்துக் கலைத்துவிட்டால் எது மலை, எது கீழ்நாடு என்று பிரம்மாவாலும் பிரிக்க முடியாது. ஒரே வீட்டில் அண்ணன் தலைக்கும் தங்கை தலைக்கும் இருந்த வித்தியாசம் மலைக்கும் கீழ்நாட்டுக்கும் இல்லை. அந்த அண்ணன் தலைதான் அன்று அளந்ததிலேயே பெரிது. தன் ஆடுகளை எண்ணவே அவர் தங்கச்சியைத்தான் கூப்பிட வேண்டும். ரேஞ்சர் தலையும் ஊர்க்கவுண்டர் தலையும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருந்தன. இரண்டு பேருக்கும் அதில் வருத்தம்.

சாயங்காலம் ஊர்க்கவுண்டர் என்னைத் தனியாகப் பிடித்தார். "காலைல மொதல்ல உங்க தலைய எதுக்குங்க அளந்தாரு?"

"என் தலைதாங்க படி. அதுல சரிபார்த்துத்தான் கருவியை மத்தவங்க மேல வைப்பாரு" என்று கொஞ்சம் கெத்தாகவே சொன்னேன்.

அவர் என் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "படி பெருசாச்சுன்னா அளவு கொறையுமுங்களே" என்றார். அப்புறம், "தேன் சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். நான் மடையன், ஆமாம் என்றேன்.

தேனடை இருந்த இடத்துக்கு என்னை உபசாரத்தோடு கூட்டிப்போனார்கள். கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க என்றார்கள். போனேன். யாரோ புகை போட மறந்துவிட்டார்கள். நெற்றியிலும் பிடரியிலும் மலைத்தேனீ பதம் பார்த்தது. கத்திக்கொண்டு ஓடிவந்த எனக்கு வெள்ளச்சிதான் சுண்ணாம்பு தடவினாள். தடவும்போதே அழுதாள்.

"மன்னிச்சுக்குங்க சாமி. வலிக்குதுங்களா? இன்னுங் கொஞ்சம் வீங்குமுங்களா?"

இரண்டு கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. வீங்கட்டும் என்றுதான் தோன்றியது.

காலையில் டாக்டர் என்னை அளந்தார். அளவு கூடியிருந்தது. மறுபடி அளந்தார். மூன்றாம் தடவையும் அதே. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"தேனீ கொட்டிடுச்சுங்க. தலை வீங்கியிருக்குதுங்க" என்று தெளிவாகச் சொன்னேன்.

"மாரப்பா, உன் தலையை எத்தனை வருஷமா எனக்குத் தெரியும்? அது மாறாது. மலைக் குளிர்ல இரும்பு சுருங்கியிருக்கு" என்றார். ஒரு கண் திறக்கவே முடியாமல் நான் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் திருகாணியைத் திருகி, என் தலை பழைய அளவு காட்டும்வரை காலிப்பரை 'சரி' செய்தார். "சரியான கருவியால ஊரை மறுபடியும் அளக்கணும்" என்றார்.

அன்றைக்குத்தான் மாஜிஸ்திரேட்டும் டோலியில் வந்து இறங்கினார். பெரிய சரிகைத் தலைப்பாகை. அதன் கனம் டோலிக்காரர்களுக்குத்தான் தெரியும். காட்டு பங்களா வாசலில் கோர்ட் கூடியது. மேஜை இல்லாததால் சாட்சிப் பொருளான சடையன் வீட்டுக் கதவையே நாலு கல் மேல் கிடத்தி மேஜையாக்கினார்கள். அதன் மேல் மைக்கூடு, மாஜிஸ்திரேட்டின் காபி டம்ளர், எங்கள் காலிப்பர். காவலில் இருந்த சடையனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்த ஊரிலேயே மொட்டை அடிக்காத ஒரே ஆள் அவர்தான். கதவின் மேல் காபி சிந்தியிருந்ததை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊரை மறுபடி அளந்தோம். ஒவ்வொரு தலையாகக் கோட்டுக்குக் கீழே விழுந்தது. நான் அளவை உரக்கச் சொல்லச் சொல்ல, மொட்டைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். தாங்கள் சட்டம் புரியாத ஜாதி என்று ருசுவாவதை இப்படிக் கொண்டாடிய ஜனங்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. கடைசியில் சடையன் முறை.

"உத்தரவா?"

"அளந்துக்குங்க. ஆனா ஒண்ணு சொல்லிப்போட்டேனுங்க. மரம் எங்கப்பன் வெச்சது. தெரிஞ்சேதான் வெட்டுனேன். புரியாம வெட்டுனேன்னு ஆரும் எழுத வேண்டாமுங்க" என்றார் சடையன்.

அளந்தார் டாக்டர். கோட்டுக்கு மேலே. துடைத்து மறுபடி வைத்தார். மேலே. மூன்றாவதும் மேலே. எனக்குச் சொல்ல மனமில்லை. ஆனால் சொல்ல வேண்டியது என் வேலை, சொன்னேன். தேனீயால்கூடக் குறைக்க முடியாத தலை அது.

வெள்ளச்சி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அட பாவி மனுசா, ஒனக்கெதுக்கு இத்தாம்பெரிய தலை!" என்று அவள் அழுததைக் கேட்டு யாருமே சிரிக்கவில்லை. மாஜிஸ்திரேட் பேனாவை மையில் தோய்த்தார்.

அப்போது ஊர்க்கவுண்டர் எழுந்தார். "சாமி, எங்க மலைல ஒரு முறை இருக்குதுங்க. ஒரு ஊட்டுல சாமை கைமாத்து வாங்குனா, அந்த ஊட்டுப் படிலதான் திருப்பி அளக்கோணும். வேற படி எடுத்தாத் தெய்வம் கேக்கும். எங்க தலையெல்லாம் இந்தப் படில அளந்துட்டீங்க. உங்க தலையும் இதே படில வந்தாத்தானுங்க கணக்கு ஒப்பும்?"

கூட வந்திருந்த வக்கீல் பதறினார். ரேஞ்சர் அதட்டினார். ஆனால் டாக்டர், "ரொம்பச் சரி. ஒப்பீடு இல்லாம அளவே இல்லை" என்று சொல்லிவிட்டார். மாஜிஸ்திரேட்டோ மறுக்கவில்லை. தன் தலையைக் காட்டக் கிடைத்த சந்தர்ப்பம் என்று மலர்ந்த முகத்தோடு தலைப்பாகையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கழற்றினார், கழற்றினார், சுற்றுச் சுற்றாக வந்துகொண்டே இருந்தது. உள்ளே இருந்த தலையைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒரு கிழவி "அடக் கண்ணு" என்றாள். அது ஏளனமில்லை, நிஜமான இரக்கம்.

"உத்தரவா?"

"தாராளமாக."

கீழே. நான் உரக்கச் சொன்னேன். டாக்டர் துடைத்தார். கீழே. சொன்னேன். "போதும், போதும்" என்றார் மாஜிஸ்திரேட். "மூணு தடவைங்க, அது விதி" என்றார் டாக்டர். கீழே. அன்றைக்கு அளந்ததிலேயே சின்னத் தலை அது. அதையும் சொன்னேன். அவர் உத்தரவுப்படியே அவருக்குச் சட்டம் புரியாது.

மாஜிஸ்திரேட் தலைப்பாகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வேறெங்கோ பார்த்தபடி, "அந்த மரம் கல்லுக்கு மூத்ததா?" என்று ரேஞ்சரைக் கேட்டார்.

"ஆமாங்க, மரம் ரொம்ப வருஷத்து மரம். கல் இப்ப நட்டதுங்க."

"அப்போ கல் நட்டதுதான் தப்பு. வழக்கு தள்ளுபடி."

இந்த ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் ஊருக்கு மயிர் மிஞ்சியிருக்கும், எனக்கு நெற்றி மிஞ்சியிருக்கும். டாக்டர் மட்டும் வருத்தப்பட்டார். சட்டசபைக்காரர்கள் எல்லாரையும் இதே கருவியால் அளக்க ஆசையாக இருந்ததாம்.

மைக்கூட்டை எடுத்துவிட்டுக் கதவை நான்கு மொட்டைகள் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நானும் போனேன். பொழுது சாய்வதற்குள் பொருத்திவிட்டார்கள். வெள்ளச்சி உள்ளே போய்ச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள். பிறகு திறந்தபோது முகம் கழுவியிருந்தாள். நானும் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், வீக்கத்தில் துடைக்கவும் வலித்தது.

ஒரு மூங்கில் குழாயில் தேனை நிரப்பி என்னிடம் நீட்டினார் சடையன். எனக்குத்தான் என்று நினைத்தேன்.

"இத அந்தப் பெரிய ஐயாகிட்டக் குடுத்துருங்க. பாவமுங்க, அத்தன பேரு முன்னால அவருக்கு அப்படி ஆயிப்போச்சு. புள்ளகுட்டிக்காரரா இருப்பாரு. தேனு மூளைக்கு நல்லதும்பாங்க. என் தலைல அவருக்குக் கொஞ்சம் குடுக்க முடிஞ்சாக் குடுத்துருவேனுங்க" என்றார்.

மலை இறங்கி, என் வீக்கம் வடிந்த பிறகு டாக்டர் என்னை அளந்தார். இப்போது அளவு குறைவாகக் காட்டியது, திருகாணியைப் பழைய இடத்துக்கே திருப்பினார். "பார்த்தியா, கீழ வந்ததும் இரும்பு சரியாயிடுச்சு" என்றார். என் தலை மேல் அவர் வைத்த நம்பிக்கையை எங்கப்பன்கூட என் மேல் வைத்ததில்லை.

டாக்டர் தம்பிக்கு நான் சொல்வது இதுதான். நான் பார்த்த வரைக்கும் மலையிலும் சரி, கீழ்நாட்டிலும் சரி, முக்காலியை விட்டு எழுந்த ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "எனக்கு எப்படிங்க இருக்கு?" அதில் மட்டும் யாருக்கும் வித்தியாசம் இல்லை. மற்றது உங்கள் இயந்திரம் பாடு.

தேனை மாஜிஸ்திரேட் பங்களாவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சடையன் கொடுத்தனுப்பினார், மூளைக்கு நல்லதாம் என்று தயங்கித்தான் சொன்னேன். எட்டி உதைப்பார் என்று வாசற்படியைப் பார்த்து வைத்திருந்தேன். அவர் குழாயை வாங்கி முகர்ந்து பார்த்தார். டவாலிச் சேவகன் தூரத்தில் நிற்கிறானா என்று எட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து, என் காதருகில் கேட்டார்:

"சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"